மொட்டைமாடி விசா ஒஃபிசர்

மயிலம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் ஒரு மொட்டைமாடியில், ஈரப் பெட்ஷீட்டுகளுக்கு நடுவே படித்தது. வீடு, மரம், பூனை என்று பிள்ளைகள் படிக்கிற வரிசையில் அவள் படிக்கவில்லை. அவளுக்கு முதலில் வந்த சொற்கள் 'வை', 'பட்', 'ஸோ', 'அண்ட் தென்'. பொருள்களின் பெயர்கள் பின்னால்தான் வந்தன. அவற்றில் பாதி இன்னும் வந்து சேரவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வாடகைக்கு எடுக்கும் வெள்ளவத்தை ஃபிளட்டுகளைப் பார்த்துக்கொள்வது இப்போது அவளுடைய வேலை. சாவியைக் கையில் கொடுத்து, சுடுதண்ணீர் ஸ்விட்சைக் காட்டி, "திஸ் ஓன், ஸோ ஹொட். பட் குளிச்சி ஓஃப், பிகோஸ் பில்" என்பாள். விளங்கவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சித்தப்பா முறையான ஒருவர் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் சமையல்காரராக இருந்தார். அவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது. காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், ரயில் பாதைக்குச் சற்று முன்னால் இருந்தது அந்த மூன்று மாடிக் கட்டடம். உரிமையாளர் இராஜநாயகம், வாசல் மேசையை விட்டு எழும்பாத மனிதர். லொட்ஜில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தவர்கள். விசாவுக்கு, டிக்கெட்டுக்கு, கொமினிக்கேஷன் கடைக்கு வரப்போகும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு. பொலிஸ் பதிவுத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தேத்தண்ணீர் குடிக்கக்கூட வெளியே போவார்கள். பொழுதுபட்ட பிறகும் யாராவது திரும்பாவிட்டால், பொலிஸ் பிடித்திருக்குமோ என்று இராஜநாயகம் வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவார்.

மயிலம்மாவின் வேலை அறைகளைக் கூட்டுவதும் பெட்ஷீட் துவைப்பதும். துவைத்ததைப் பெரிய அலுமினியச் சட்டியில் போட்டு மூன்று மாடியும் ஏற்றி மேலே காயப்போடுவாள். கடற்காற்று அவற்றை ஒருநாளும் மொறுமொறுவென்று காயவிடாது. எவ்வளவு வெயிலென்றாலும் கையில் எடுத்தால் உப்புப் பிசுபிசுப்பு இருக்கும். தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் கடந்தால் கொடி முழுவதும் நடுங்கும்.

அந்த மொட்டைமாடியில்தான், மத்தியானத் தூக்கம் கலைந்து தேத்தண்ணீர் குடித்த கையோடு, நாலைந்து பேர் கூடிப் பயிற்சி செய்வார்கள். ஆரம்பித்து வைத்தவன் கிருபாகரன். சாவகச்சேரிப் பக்கம், லண்டனில் படிக்கப் போவதற்கு விண்ணப்பித்து இரண்டு தடவை 'இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவன். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது ஒரு பழைய கிரமர் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"எங்கடை சனம் துண்டு துண்டாக் கதைக்குது," என்றான் கூடியிருந்தவர்களிடம். "'மை ஹஸ்பண்ட் கனடா. ஐ மெரி. ஐ ஹாவ் போட்டோ.' இதுக்குள்ளை எதாலை எது நடந்தது எண்டு அவனுக்கு எப்பிடி விளங்கும்? விளங்காட்டிப் பொய் எண்டு நினைப்பான். சொல்லுகளைப் பொருத்திற சொல்லு வேணும். அதைத்தான் முதல் படிக்க வேணும்."

படித்தார்கள். ஆனால் விசா ஒஃபிசராக உட்கார ஆள் இல்லை. முதலில் நமசிவாயத்தாரை உட்கார வைத்தார்கள். அவர் அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போகக் காத்திருந்தவர், மனைவியை இழந்தவர். எதிரில் இருப்பவர் இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிடும். "சரி சரி, விசா தாறன், போயிட்டு வா மோனை" என்று எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். வேறு யார் உட்கார்ந்தாலும் இதே கதைதான். காத்திருக்கிறவர்களால் காத்திருக்கிறவர்களிடம் கடுமையாகக் கேட்க முடியவில்லை.

ஒருநாள் ஜீவராணி கொடிப்பக்கம் கையைக் காட்டினாள். "மயில் கேக்கட்டுமே."

ஜீவராணி பருத்தித்துறைக்காரி. கல்யாணம் முடிந்த கையோடு கணவன் கனடாவுக்குப் போய்விட, ஐந்து வருஷமாக அவனிடம் போய்ச்சேரக் காத்திருப்பவள். லொட்ஜில் மயிலம்மாவோடு அதிகம் கதைப்பவளும் அவள்தான்.

"ஐயோ அக்கா, எனக்கு இங்கிலீசுல ஒண்ணுமே தெரியாதுங்க," என்று பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒளிந்தாள் மயிலம்மா.

"நாலு சொல்லுப் போதும்," என்றான் கிருபாகரன். "வை, பட், ஸோ, அண்ட் தென். நாங்கள் சொல்லி நிப்பாட்டினவுடனே இதிலை ஒண்டைக் கேள். சிரிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. பயத்தில் முகம் இறுகிப்போய்விட்டது. அதுவே ஒஃபிசர் முகமாகவும் அமைந்துவிட்டது. நமசிவாயத்தார் தொண்டையைச் செருமி, "மை வைஃப் இஸ் டெட்," என்று சொல்லி நிறுத்தினார்.

"ஸோ?" என்றாள் மயிலம்மா.

நமசிவாயத்தார்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மனைவி போன பிறகு அவர் அப்படிச் சிரித்ததை யாரும் கண்டதில்லை. அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மயிலம்மா தலையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். "இல்லைப் பிள்ளை," என்றார் அவர், "அவங்களும் அப்பிடித்தான் கேப்பாங்கள். ஸோ, எனக்குச் சமைச்சுத் தர ஆளில்லை. ஸோ, மகனிட்டைப் போறன். இப்ப வசனம் வந்திட்டுது பாத்தியோ!"

அன்றிலிருந்து அவள்தான் ஒஃபிசர். வேலையை அவசர அவசரமாக முடித்துக்கொண்டு அந்த நேரத்துக்கு மேலே வந்துவிடுவாள். சில மாதங்களில் சொற்கள் மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கின. கிருபாகரன் சொல்லிக்கொடுப்பதை அவளும் காதில் போட்டுக்கொள்வாள். ஒருநாள் அவன் 'ஓல்தோ' என்ற சொல்லை விளக்கினான்.

"நாங்கள் 'வரேல்லை எண்டாலும்' எண்டு வாலிலை கட்டுவம். இங்கிலீசிலை அதைத் தலையிலை கட்டுவாங்கள். ஓல்தோ எண்டு துவங்கினவுடனேயே கேக்கிறவனுக்குத் தெரியும், பின்னாலை ஒரு திருப்பம் வருது எண்டு. ஆனா ஓல்தோ போட்டா பட் போடக்கூடாது. ரெண்டிலை ஒண்டுதான்."

ஜீவராணி மட்டும் இரண்டையும் போடுவாள். எத்தனை தரம் திருத்தினாலும், "ஓல்தோ ஐ ஆம் வெயிட்டிங், பட்..." என்றுதான் வரும். "ஒண்டை விட்டா எனக்கு வசனம் நிக்குதில்லை" என்பாள்.

அந்த ஜீவராணியைத்தான் மயிலம்மா அழவைத்தாள். அது ஒரு புழுக்கமான பின்னேரம். ஜீவராணி மனப்பாடம் செய்ததை ஒரு தடங்கலும் இல்லாமல் ஒப்பித்தாள். கல்யாணம் கட்டினோம், அதன் பிறகு அவர் கனடா போனார், ஏனென்றால் இங்கே சண்டை, ஆகவே நான் தனியே இருக்கிறேன். எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது. கிருபாகரன் கைதட்டினான். மயிலம்மாவுக்கோ அந்தக் கதையில் ஏதோ ஓரிடம் திறந்து கிடப்பதுபோல் பட்டது. நாலு சொல்லையும் தாண்டி முதன்முறையாகத் தானாக ஒரு கேள்வியைக் கட்டிக் கேட்டாள்.

"பட்... வை ஹி நோ கம்?"

ஐந்து வருஷத்தில் ஒரு தடவையாவது அவன் ஏன் வந்து பார்க்கவில்லை? அந்த லொட்ஜில் இருந்த எல்லோர் மனதிலும் இருந்த கேள்விதான். யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஜீவராணி எழும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் அவள் மயிலம்மாவோடு கதைக்கவில்லை. தன் பெட்ஷீட்டைத் தானே துவைத்துக்கொண்டாள். அதுதான் மயிலம்மாவுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. சாமான் அறைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தவளைக் கிருபாகரன் கண்டான்.

"நான் ஒண்ணும் கெட்டதா நெனச்சிக் கேக்கலைங்க."

"நீ கேட்டது பிழையில்லை," என்றான் அவன். "எங்களுக்கு அதைக் கேக்கத் துணிவு வரேல்லை. அங்கை இருக்கிறவன் கட்டாயம் கேப்பான்."

பிறகு ஒரு மத்தியானம் ஜீவராணியே மேலே வந்தாள். மயிலம்மாவின் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிச் சட்டிக்குள் போட்டாள்.

"கதிரையிலை இரு. அண்டைக்குக் கேட்டதைத் திரும்பக் கேள்."

"வேணாங்கக்கா."

"கேளடி."

மயிலம்மா கேட்டாள். ஜீவராணி கடல் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொன்னாள். முதலில் தமிழில்தான் வந்தது. "எனக்கே தெரியாது, மயில். அகதிக் கேஸ் முடியாமல் அங்கையிருந்து வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது எண்டுதான் சொல்லுறார். அது உண்மையாயும் இருக்கும். வேற ஏதும் இருந்தாலும் இங்கை இருந்து நான் என்னத்தைக் கண்டன்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு இங்கிலீஷில் மெதுவாகக் கட்டினாள். "ஓல்தோ ஹி டிட் நொட் கம், பட் ஐ வெயிட், பிகோஸ் ஹி இஸ் மை ஹஸ்பண்ட்."

அன்று அவளை யாரும் திருத்தவில்லை.

உண்மையான இன்டர்வியூவில் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். திரும்பி வந்தவள் லொட்ஜ் வாசலில் செருப்பைக் கழற்றக்கூட மறந்து மேலே ஓடினாள். "அதையேதான் கேட்டவன், மயில்! எனக்கு வெள்ளைக்காரன்ரை முகம் தெரியேல்லை, உன்ரை முகம்தான் தெரிஞ்சது!"

"ஓல்தோவோடை பட் போட்டனீங்களோ?" என்று பதறினான் கிருபாகரன்.

"ரெண்டு பட் போட்டனான்," என்றாள் ஜீவராணி. கிருபாகரன் தலையில் கைவைத்துக்கொண்டு தொட்டியடியில் குந்திவிட்டான். ஆனாலும் விசா வந்துவிட்டது.

ஒருவர் போனால் அந்த அறைக் கட்டிலின் பெட்ஷீட்டை உரித்தெடுப்பது மயிலம்மாதான். ஜீவராணி போன அன்று தலையணையில் அவள் பூசும் சித்தாலேபத் தைல வாசம் அப்படியே இருந்தது. மயிலம்மா அதை அன்றைக்குத் துவைக்கவில்லை. நமசிவாயத்தாரும் போனார். புதியவர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் அவளே ஒஃபிசராக இருந்தாள்.

கடைசியாகக் கிருபாகரன் மிஞ்சினான். முதலில் அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டவள், எப்போதோ அதை விட்டுவிட்டு 'இந்தாங்க' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஏன் என்று அவள் யோசித்ததில்லை. எல்லோருக்கும் வசனம் பொருத்திக் கொடுத்தவனுக்குத் தன் வசனம் மட்டும் பொருந்தவில்லை. படித்து முடித்துத் திரும்பி வருவாயா, ஏன் வருவாய் என்று கேட்பார்கள். காணி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தான். காணிக்குள் ஆமி முகாம் இருந்தது. தகப்பன் இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தான். ஒரு தகப்பனுக்காக யார் வருவார்கள் என்று போன தடவை சிரித்தார்களாம்.

ஒரு பின்னேரம் திடீரென்று மழை பிடித்தது. மற்றவர்கள் கீழே ஓடிவிட்டார்கள். அவன் மட்டும் நின்று அவளோடு பெட்ஷீட்டுகளை உருவினான். ஒன்றின் இரண்டு நுனியையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கும்போது, "ஐ வில் கம் பக், பிகோஸ்..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"பிகோஸ்?" என்றாள் அவள், ஒஃபிசர் குரலில்.

"பிகோஸ் யூ ஆர் ஹியர்."

மழை கனத்தது. தலையிலிருந்து தண்ணீர் வழிய அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரியா வருதோ?" என்று கேட்டான்.

அவன் வசனத்தைத்தான் கேட்கிறானா, வேறொன்றையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சரிதாங்க," என்று மட்டும் சொன்னாள். மடித்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அடுத்த மாதம் அவனுக்கு விசா கிடைத்தது. விடியற்காலை வான் வண்டியில் ஏறும்போது இராஜநாயகத்துக்கும் சித்தப்பாவுக்கும் கைகொடுத்தான். அவளிடம் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அவளுக்குத் தொலைபேசி எதுவும் வரவில்லை. காலி வீதியில் தபால்காரரைக் காணும்போதெல்லாம் கொஞ்ச காலம் அவள் நடை தானாகவே மெதுவானது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

இரண்டாயிரத்தொன்றில் சித்தப்பா பார்த்து அழகரைக் கட்டிவைத்தார். அழகர் புறக்கோட்டையில் இரும்புக் கடையில் வேலை செய்பவர், குடியிருப்பு கொட்டாஞ்சேனையில். அதிகம் பேசாதவர், நன்றாகச் சமைப்பவர். ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, இப்போது கல்யாணமாகி நீர்கொழும்பில் இருக்கிறாள். இடையில் இராஜநாயகம் லொட்ஜை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். கட்டடத்தை இடித்து அதே இடத்தில் பத்து மாடி எழுப்பினார்கள். அதில்தான் மயிலம்மா இப்போது சாவி கொடுக்கிறாள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, பழைய ஒழுங்கையில் இறங்கி நடக்கும்போது, பழைய ஆட்களின் குரல் சில வேளை காதில் விழுவதுபோல் இருக்கும். 'மயில், பெட்ஷீட் காய்ஞ்சிட்டுதோ?' நின்று திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் அப்படிக் கேட்கும் நாட்கள் அவளுக்கு நல்ல நாட்கள்.

போன வருஷம் ஆடி மாதம், சாம்பவி என்ற பெயரில் நாலு பேருக்கு ஒரு ஃபிளட் பதிவாகியிருந்தது. லிஃப்ட் திறந்தபோது இரண்டு பேர்தான் வெளியே வந்தார்கள். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கூடவே நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மா. வேலைக்காரி தமிழா சிங்களமா என்று தெரியாததால் அந்த அம்மா இங்கிலீஷில் தொடங்கினார்.

"ஓல்தோ வீ சேட் ஃபோர், பட் ஒன்லி டூ கேம்."

மயிலம்மாவின் கையில் சாவிக்கொத்து அப்படியே நின்றுவிட்டது. "ஜீவராணி அக்கா?"

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சூட்கேசைக் கைவிட்டார். அது தானாக உருண்டு லிஃப்டில் போய் முட்டியது. "எடியே மயில்," என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இருவருக்கும் முதலில் வந்தது சிரிப்புத்தான், அழுகை பின்னால் வந்தது.

இந்த இடத்தில்தான் லொட்ஜ் இருந்தது என்பதே ஜீவராணிக்குத் தெரியாது. கடலுக்குக் கிட்ட என்று பார்த்து மகள்தான் இன்டர்நெட்டில் எடுத்திருந்தாள். அன்று முழுவதும் கதைத்தார்கள். கணவர் நல்லவர்தான், கேஸ் கதையும் உண்மைதான். லொறி ஓடினார், வீடு வாங்கினார். ஆனால் ஐந்து வருஷம் தனித்தனியே பழகிப்போன இருவருக்கு ஒரு வீட்டுக்குள் சேர்ந்திருக்க வரவில்லை. சாம்பவி பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே பிரிந்துவிட்டார்கள். ஜீவராணி இதைப் பருப்புக்கு உப்புப் போடுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

மகளுக்குத்தான் அது சாதாரணமாக இல்லை. தாய் குளிக்கப் போனபோது, வரவேற்பறை சோபாவில் மயிலம்மாவைப் பக்கத்தில் உட்காரச்சொல்லி, தாயிடம் பதில் கிடைக்காத கேள்வியைக் கேட்டாள். அம்மா ஏன் ஐந்து வருஷம் அவருக்காகக் காத்திருந்தார்? ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை? வேகமான இங்கிலீஷ். மயிலம்மாவுக்கு 'வை' மட்டும் நன்றாகக் கேட்டது; மிச்சத்தை முகத்தில் படித்தாள்.

"அந்த டைம் வோர்," என்றாள். "ஸோ ஓல் பீப்பிள் வெயிட். யுவர் மதர் வெயிட், மீ ஆல்சோ வெயிட். ஐ ஆஸ்க், வை ஹி நோ கம்? ஸோ ஷீ க்ரை. பட்..." அதற்கு மேல் சொல் இல்லை. கையை அசைத்துப் பார்த்தாள். "பட் நாங்க சிரிச்சோம்மா. நெறைய சிரிச்சோம். அதை எப்படி இங்கிலீசுல சொல்றது?"

குளியலறைக் கதவில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றிருந்தார் ஜீவராணி. "நான் அவருக்காக மட்டும் காத்திருக்கேல்லை, பிள்ளை," என்றார் தமிழில். "அந்தக் காலத்திலை காத்திருக்கிறதுதான் எங்கள் எல்லாருக்கும் சீவியம். அது எனக்குப் பிடிச்சும் இருந்தது. கனடா வந்த பிறகுதான் தெரிஞ்சுது, என்ரை சந்தோசமான காலம் இங்கை முடிஞ்சுபோச்சு எண்டு. உன்னட்டை இதை எப்பிடிச் சொல்ல?"

சாம்பவிக்கு அந்தத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எழும்பிப் போய்த் தாயின் கையிலிருந்த துவாயை வாங்கி, மிச்ச ஈரத்தைத் தானே துவட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அழகர் கொட்டாஞ்சேனைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். காலையிலேயே போய் நல்ல பாரை மீன் வாங்கிவந்து, யாரையும் அடுப்படிக்குள் விடவில்லை. சாம்பவி அவர் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே, குரலைத் தணித்து ஜீவராணி சொன்னார்:

"கிருபாவை ஒரு கலியாண வீட்டிலை கண்டனான், ரொறன்ரோவிலை. லண்டனிலை கடை வைச்சிருக்கிறான். கலியாணம் கட்டி ரெண்டு பெடியங்கள். உன்னைக் கேட்டவன், மயில் எங்கை எண்டு. எனக்குத் தெரியாது எண்டுதான் சொன்னனான்."

மயிலம்மா வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு தடவையாச்சும் ஊருக்கு வந்தாராக்கா?"

"தகப்பன்ரை செத்தவீட்டுக்கு வந்தவனாம். ரெண்டொரு நாள்தான் நிண்டவன்."

"கேட்டாருல்ல, அது போதுங்க," என்றாள் மயிலம்மா. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உண்மை. மனதின் ஏதோ ஒரு மூலையில் இத்தனை வருஷம் நின்றுகொண்டிருந்தது இப்போது உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. அடுப்படியிலிருந்து அழகர், "எலை வரட்டும்," என்று குரல் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுத்தாள். சாப்பாடு முடிந்ததும் ஜீவராணி அவர்களுடைய கட்டிலிலேயே படுத்து அசந்து தூங்கிவிட்டார். சாம்பவி எழுப்பப் போனாள், மயிலம்மா விடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து வாட்ஸ்அப் அடிக்கும். ஜீவராணி அங்கே பனி கொட்டுவதைக் காட்டுவார், அழகர் தலையை நீட்டி, "என்னா குளிரு!" என்று இங்கிருந்தே தோளைக் குறுக்குவார். போன வாரம் சாம்பவி தானே தமிழ் படிக்கச் சேர்ந்திருப்பதாகச் சொல்லி ஒரு வசனம் சொல்லிக் காட்டினாள். "நீங்கள் மீன் பொரிச்சீர்கள், ஆனபடியால் நான் திரும்பி வருவேன்." அழகருக்கு வெட்கம் தாங்கவில்லை. அடுத்த தடவை வரும்போது நண்டு ஆக்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, கதையை முடிக்காமலே எழும்பிக் கடைக்குப் போய்விட்டார்.